துறவு மடங்களின் வரலாற்றை எழுதுவோர்

வரலாறு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன போர்களும், முடிசூட்டு விழாக்களும், தேர்வுக்காக உருப்போட வேண்டிய ஆண்டுகளுமே ஆகும். எந்த மன்னன் எந்த மன்னனை எங்கே வென்றான் என்பதைச் சொல்லிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும் என்றே நாமும் எண்ணியிருக்கிறோம். ஆனால் அரண்மனைக்கு வெளியேயும் மக்கள் வாழ்ந்தார்கள் அல்லவா? விடியுமுன் எழுந்து செபித்தவர்கள், ஏடு எழுதியவர்கள், நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள், ஏழைக்கு வாயிலில் அப்பம் பகிர்ந்தவர்கள் ஆகியோரின் வரலாற்றை எழுதுவது யார்?

ஐரோப்பாவில் ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1500 வரை உள்ள ஆயிரம் ஆண்டுகளை இடைக்காலம் என்பர். அக்காலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் துறவு மடங்களில் வாழ்ந்தனர். அவர்களுடைய செபம், உழைப்பு, கல்வி, உணவு, கடன், சண்டை, சமாதானம் ஆகிய அனைத்தையும் ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட அறிஞர்கள் இருக்கிறார்கள். அத்தகையோரின் பணியைப் பற்றி எம் தோழியருக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோர்க்கும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பத்தாம் வகுப்பை முடிக்கும் நாங்கள் இனி எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்று வீடுதோறும் பேச்சு நடக்கும் வேளை இது. டாக்டர், என்ஜினியர், ஆசிரியை, நர்சு, வங்கி அலுவலர் என்று பலரும் பலவற்றைச் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஆவேன் என்று சொல்பவர் அரிதினும் அரிது. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் காரணம் போலும்!

ஐந்து சாட்சிகள்

நீதிமன்றத்தில் நீதிபதி நடந்ததை நேரில் கண்டவர் அல்லர். சாட்சிகளைக் கேட்டே உண்மையை உணர்கிறார். வரலாற்றாசிரியரின் நிலையும் அதுவே. இடைக்கால மடங்களைப் பற்றி அவர் முன் வந்து நிற்கும் சாட்சிகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதற் சாட்சி, சபை விதி. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய விதிநூல் 73 அதிகாரங்களைக் கொண்டது. எப்பொழுது எழ வேண்டும், எப்படிச் செபிக்க வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும் என்பன அதில் உள்ளன. ஆனால் விதி என்பது எப்படி வாழ வேண்டும் என்று கூறுமே அன்றி, எப்படி வாழ்ந்தார்கள் என்று கூறாது. பள்ளி நாட்குறிப்பின் முதற் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விதிகளைப் படித்துவிட்டு, நாங்கள் எல்லாரும் அப்படியே நடக்கிறோம் என்று யாரேனும் நம்பினால் எப்படி இருக்கும்!

இரண்டாம் சாட்சி, ஆயரின் பதிவேடு. ஆயர்கள் தம் மறைமாவட்டத்து மடங்களுக்கு விசாரணைக்குச் செல்வர். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, குறை உண்டா என்று கேட்பர். சொன்னதை எழுத்தர் எழுதிக்கொள்வார். பிரெஞ்சு நாட்டில் ரூவான் நகரின் பேராயராய் இருந்த எய்த் ரிகோ என்னும் பிரான்சிஸ்கன் துறவி, 1248 முதல் 1269 வரை தாம் சென்ற இடங்களையும் கண்ட குறைகளையும் பதிந்து வைத்தார். கன்னியர் நாய்க்குட்டியும் அணிலும் சிறு பறவைகளும் வளர்ப்பதைக் கண்டு அவர் தடைசெய்த செய்தியும் அதில் இருக்கிறது.

மூன்றாம் சாட்சி, கணக்குச் சுருள். இங்கிலாந்தின் பார்க்கிங் மடத்தில் உணவுப் பொறுப்பேற்ற கன்னிகையின் கடமைகளைக் கூறும் ஏடு ஒன்று இன்றும் உள்ளது. தவக்காலத்துக்கு எவ்வளவு ஹெர்ரிங் மீன், எவ்வளவு பாதாம், எவ்வளவு அத்திப்பழம், எவ்வளவு அரிசி வாங்க வேண்டும் என்பதுகூட அதில் கண்டிருக்கிறது. அரிசி விளையாத நாட்டில் அரிசி அருமையான பண்டம். அக்கன்னியர் கடல் கடந்து வந்த பொருளையும் வாங்கினர் என்பதை இந்த ஒரு வரியே நமக்குச் சொல்லிவிடுகிறது.

நான்காம் சாட்சி, உயில். இறக்கும் தறுவாயில் மக்கள் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதிலிருந்து, அவர்கள் யாரை மதித்தார்கள் என்பது புலனாகும்.

ஐந்தாம் சாட்சி வாய் பேசாதது. அது மண்ணுக்குள் இருக்கும் சுவரும், பானை ஓடும், எலும்புமாகும்.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் நம்புபவர் ஏமாந்து போவார். ஐந்தையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பதே வரலாற்றாசிரியரின் திறமை.

என்னென்ன கற்க வேண்டும்?

இப்பணிக்கு முதலில் வேண்டியது இலத்தீன் மொழி. மடத்து ஏடுகளில் பெரும்பகுதி அம்மொழியிலேயே உள்ளது. அந்தந்த நாட்டின் பழைய மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது பழைய எழுத்துகளைப் படிக்கும் கலை. அக்காலத்தில் காகிதம் அருமை. ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து ஏடு செய்தனர். ஒரு பெரிய நூலுக்கு ஒரு மந்தை ஆடே தேவைப்படலாம். எனவே இடத்தை மிச்சம் பிடிக்கச் சொற்களைச் சுருக்கி எழுதினர். ஆண்டவர் எனப் பொருள்படும் 'தோமினுஸ்' என்ற சொல்லில் மூன்றெழுத்தை மட்டும் எழுதி, மேலே ஒரு சிறு கோடு இட்டுவிடுவர். பழகாத கண்ணுக்கு அந்தப் பக்கம் எறும்பு ஊர்ந்த தடம் போலவே தோன்றும்.

காலத்தைக் கணிப்பதும் ஒரு தனிக் கலையாகும். அக்கால எழுத்தர் மாதத்தையும் தேதியையும் எழுதுவதைவிட, புனிதர்களின் திருநாளைக் குறிப்பதையே பெரிதும் விரும்பினர். 'புனித மார்ட்டின் திருநாளை அடுத்த திங்கள்' என்று எழுதியிருந்தால், அத்திருநாள் நவம்பர் 11 என்பதை அறிந்து, அவ்வாண்டில் அது எந்தக் கிழமையில் வந்தது என்று கணக்கிட்டு, பிறகே தேதியைக் கூற முடியும். இன்னொரு சிக்கலும் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டு முதல் புத்தாண்டு பிறந்தது சனவரி முதல் நாளன்று. மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25ஆம் நாள் என்றே பொதுவாகக் கணக்கிட்டனர். இவ்வழக்கம் 1752 வரை நீடித்தது. ஆகவே ஓர் ஏட்டில் '1300 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்குப்படி அது 1301 ஆகும். இதை மறந்தால், ஒரு மடத் தலைவி தேர்ந்தெடுக்கப்படுமுன்பே இறந்துபோனதாக எழுத நேரிடும்!

திருநாட்களையும் தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும் சிறு வயது முதல் அறிந்து வளர்ந்த எங்களைப் போன்ற மாணவியருக்கு, இந்தக் கலையில் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று என்று எண்ணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

எய்லீன் பவர் அம்மையார்

இத்துறையில் பெண்கள் வரலாற்றுக்கு வழி வகுத்தவர்களுள் தலைசிறந்தவர் எய்லீன் பவர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. இவர் 1889 சனவரி 9ஆம் நாள் இங்கிலாந்தில் ஆல்ட்ரிங்கம் என்னும் ஊரில் பிறந்தார். இவர் சிறு குழந்தையாய் இருக்கும்போதே தந்தையார் பண மோசடிக் குற்றத்துக்காகச் சிறை செல்ல நேர்ந்தது. தாயார் மூன்று பெண் குழந்தைகளோடு தனித்து நின்றார். அத்தாயும் 1903இல் காச நோயால் மறைந்தார். அப்போது மூத்த மகளான எய்லீனுக்கு வயது 14. எங்களைவிட ஒரு வயது குறைவு. தாயாரின் சகோதரிகளே மூன்று பெண்களையும் ஆக்ஸ்போர்டில் வைத்து வளர்த்துப் படிக்கவைத்தனர். சித்திமார், பெரியம்மாமாரின் அன்பு ஒரு குடும்பத்தையே கரையேற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

எய்லீன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட்டன் கல்லூரியில் வரலாறு பயின்று, 1910இல் முதல் வகுப்பில் தேறினார். ஆனால் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. காரணம் அவர் பெண் என்பதே! அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் வகுப்புக்குச் செல்லலாம், ஆண்கள் எழுதும் அதே தேர்வை எழுதலாம், முதல் வகுப்பிலும் தேறலாம். பட்டம் மட்டும் பெறக் கூடாது. பெண்களுக்கு முழு உரிமையோடு பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் முன்வந்தது 1948ஆம் ஆண்டில்தான். எய்லீன் பவர் அம்மையார் காலமானது 1940இல். எனவே உலகமே புகழ்ந்த அந்த வரலாற்றாசிரியர், தாம் பயின்ற பல்கலைக்கழகம் பெண்களை முழு உறுப்பினராக ஏற்ற நாளைக் காணாமலேயே மறைந்தார்.

பட்டம் இல்லை என்று அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. பாரிசுக்குச் சென்று, பழைய ஆவணங்களைப் படிக்கும் கலையை அதற்கெனவே அமைந்த 'எக்கோல் தெ சார்த்' என்னும் கல்லூரியில் கற்றார். 1913 முதல் 1921 வரை கர்ட்டன் கல்லூரியில் வரலாறு கற்பித்தார். அக்காலத்திலேயே இங்கிலாந்தின் கன்னியர் மடங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் மூழ்கினார். 1920-21இல் உதவித்தொகை ஒன்று பெற்று உலகப் பயணம் மேற்கொண்டபோது நம் இந்தியாவுக்கும் வந்தார். 1920 டிசம்பரில் நாகபுரியில் நடந்த காங்கிரசு மாநாட்டையும் கண்டார் என்பது நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தி.

'இடைக்கால ஆங்கிலேயக் கன்னியர் மடங்கள்' என்ற அவருடைய பெருநூல் 1922இல் வெளிவந்தது. ஏறத்தாழ 700 பக்கங்கள்! 1275 முதல் 1535 வரை இங்கிலாந்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கன்னியர் மடங்களின் அன்றாட வாழ்க்கையை அது காட்டியது. பெரும்பாலான மடங்கள் சிறியவை, ஏழ்மையானவை. கூரை ஒழுகிற்று, கடன் நெருக்கியது, மடத் தலைவிக்குச் செபத்தைப் போலவே நெல்லும் கம்பளியும், அதாவது அந்நாட்டுக் கோதுமையும் ஆட்டு மயிரும், ஓயாத கவலையாயிருந்தன. அதுவரை வரலாற்று நூல்களின் அடிக்குறிப்பில்கூட இடம் பெறாத பெண்கள் முதன்முறையாக ஒரு பெருநூலின் நாயகியரானார்கள்.

1924இல் 'இடைக்கால மக்கள்' என்னும் எளிய நூலை எழுதினார். ஓர் உழவன், ஒரு பயணி, ஒரு மடத் தலைவி, ஓர் இல்லத்தரசி, இரு வணிகர்கள் என ஆறு பேரின் வாழ்வை அதில் வரைந்தார். இலண்டன் பொருளியல் கல்லூரியில் ஆசிரியராகி 1931இல் பேராசிரியராக உயர்ந்தார். தம் தங்கை ரோடாவுடன் சேர்ந்து சிறுவர்களுக்கு வரலாற்று நூல்கள் எழுதினார். பி.பி.சி. வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தினார். அறிஞர்க்கு மட்டும் அறிவு என்று பூட்டி வைக்காமல், ஊருக்கெல்லாம் பந்தி வைத்த உள்ளம் அவருடையது.

ஒழுங்கீனப் பதிவேடு

பவர் அம்மையாரின் நூலில் ஒரு குறை உண்டென்று பின்வந்தோர் கூறினர். அவர் மிகுதியாக நம்பியது இரண்டாம் சாட்சியாகிய ஆயர் பதிவேடுகளை. விசாரணைக்கு வந்த ஆயர் கேட்டது குறைகளைத்தான். 'எல்லாம் நலமே' என்று ஒரு கன்னிகை கூறினால் எழுத்தர் இரண்டு சொற்களோடு முடித்துவிட்டார். இன்னொருவர் குறை கூறினால் பக்கம் பக்கமாக எழுதினார். விளைவு என்ன? நல்ல மடங்கள் சுருங்கிப்போயின. குறையுள்ள மடங்கள் பெரிதாகத் தெரிந்தன.

எந்தப் பள்ளியிலும் தாமதமாக வந்தவர், வகுப்பில் பேசியவர், சீருடை அணியாதவர் ஆகியோரின் பெயர்களை எழுதும் ஏடு ஒன்று இருக்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் அந்த ஏட்டை மட்டும் கண்டெடுத்துப் படித்தால், அப்பள்ளியில் நாள்தோறும் பேச்சும் தாமதமும்தான் நடந்தன என்றே எழுதுவார். காலை செபத்தில் அமைதியாக நின்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்த ஏட்டில் இல்லையே!

இக்குறையை நிறைவு செய்ய மற்றச் சாட்சிகளைத் தேடிச் சென்றனர் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள். மேரிலின் ஒலிவா என்ற அறிஞர் நாரிச் மறைமாவட்டத்து மடங்களை 1350 முதல் 1540 வரை ஆராய்ந்து 1998இல் நூல் வெளியிட்டார். அவர் உயில்களையும் கணக்குகளையும் படித்தார். அக்கன்னியருள் பெரும்பாலோர் பெருஞ் செல்வர் வீட்டுப் பெண்கள் அல்லர், அவ்வூர்களின் சிறு நிலக்கிழார் வீட்டுப் பெண்களே என்று கண்டார். மடத்துப் பொறுப்புகளை அவர்கள் திறம்பட நடத்தினர் என்பதையும், சுற்றுப்புற மக்கள் தம் உயில்களில் கன்னியரை மறவாமல் நினைத்தனர் என்பதையும் எடுத்துக் காட்டினார். இதனால் பவர் அம்மையாரின் புகழ் குறைந்துவிடவில்லை. முதலில் காடு வெட்டிப் பாதை போட்டவர் அவர். பாதை இருந்ததால்தான் பின்வந்தோர் அதை நேராக்க முடிந்தது.

கன்னியரே ஆராய்ச்சியாளராக

மடத்து வரலாற்றை வெளியார் மட்டுமே எழுதினர் என்று எண்ணற்க. டேவிட் நோல்ஸ் என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆங்கிலேய மடங்களின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி, 1954இல் கேம்பிரிட்ஜில் மிக உயர்ந்த வரலாற்றுப் பேராசிரியர் பதவியைப் பெற்றார். கன்னியரின் பங்கோ இன்னும் வியப்பானது.

செருமனியில் 1098இல் பிறந்து 1179இல் மறைந்த புனித ஹில்டகார்டு, மடத் தலைவியாக இருந்துகொண்டே இறையியல், இசை, மருத்துவம் ஆகியவற்றில் நூல்கள் இயற்றினார். பிற்காலத்தில் சில அறிஞர்கள், இவ்வளவையும் ஒரு பெண் எழுதியிருக்க முடியாது, வேறு யாரோ எழுதி இவர் பெயரை இட்டிருக்கலாம் என்று ஐயுற்றனர். ஐபிங்கன் என்னும் ஊரில் அவர் பெயரால் விளங்கும் மடத்தைச் சேர்ந்த மரியானா ஷ்ரேடர், அதல்குண்டிஸ் பியூர்கோட்டர் என்ற இரு அருட்சகோதரியர் இதற்கு விடை காணப் புறப்பட்டனர். பழைய ஏடுகளை எடுத்து, கையெழுத்தின் வகை, ஏடு எழுதப்பட்ட இடம், காலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். மிகப் பழைய படிகள் ஹில்டகார்டின் வாழ்நாளிலேயே அவருடைய மடத்தைச் சார்ந்து எழுதப்பட்டவை என்பதை 1956இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினர். 2012இல் திருச்சபை ஹில்டகார்டை மறைவல்லுநராக அறிவித்தது. அப்பெருமைக்கு உரிய பெண்களுள் அவர் நான்காமவர்.

அதே மடத்தின் கன்னியர் இன்னொரு தொண்டும் செய்தனர். ஹில்டகார்டு கண்ட காட்சிகளை வண்ணப் படங்களுடன் கூறும் 'ஷிவியாஸ்' என்னும் நூலின் பழைய தோலேடு ஒன்று வீஸ்பாடன் நகர நூலகத்தில் இருந்தது. 1927 முதல் 1933 வரை ஆறாண்டுகள் உழைத்து, அதே அளவில், தோலிலேயே, எழுத்தையும் படத்தையும் கையால் பார்த்து எழுதினர் அக்கன்னியர். மூலம் இருக்கும்போது இந்த வீண் உழைப்பு எதற்கு என்று அப்போது யாரேனும் கேட்டிருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக டிரெஸ்டனுக்கு அனுப்பப்பட்ட மூல ஏடு 1945இல் காணாமற் போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த வண்ணங்கள் எப்படி இருந்தன என்பதை இன்று உலகம் அறிவது அக்கன்னியர் எழுதிய படியைக் கொண்டுதான்!

பல்லில் ஒளிர்ந்த நீலம்

ஐந்தாம் சாட்சியைப் பற்றிக் கூறாவிடில் இக்கட்டுரை நிறைவு பெறாது. செருமனியில் டால்ஹைம் என்னும் இடத்தில் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் தீயில் அழிந்தது. அம்மடத்து நூல் ஒன்றுகூட எஞ்சவில்லை. அங்குள்ள கல்லறையில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புகளை அறிவியலறிஞர்கள் ஆராய்ந்தனர். அவர் இறக்கும்போது வயது 45க்கும் 60க்கும் இடையில் இருக்கலாம்; காலம் ஏறத்தாழ 11 அல்லது 12ஆம் நூற்றாண்டு. அவர் என்ன உண்டார் என்றறிய அவர் பல்லில் படிந்திருந்த காறையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, நீல நிறத் துகள்கள் நூற்றுக்கணக்கில் மின்னின!

அது லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லின் பொடி. அக்காலத்தில் அக்கல் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து மட்டுமே ஐரோப்பாவுக்குச் சென்றது. மிகுந்த விலையுள்ள அந்தப் பொடியைத் திறமைமிக்க ஓவியர் கையில்தான் கொடுப்பர். அப்பெண்மணி ஏடுகளில் படம் தீட்டியவர். தூரிகையின் நுனியை அவ்வப்போது உதட்டில் வைத்துக் கூராக்கியபோது துகள்கள் பல்லில் ஒட்டின என்பதே மிகப் பொருத்தமான விளக்கம் என்று 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஏடுகளை எழுதியவர்கள் துறவிகளான ஆண்களே என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், பெயர் தெரியாத ஒரு கன்னிகை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் தம் சாட்சியத்தைக் காத்து வைத்திருந்தார். தாழ்ச்சியினால் அவர் எங்கும் தம் பெயரை எழுதவில்லை போலும். அவர் செய்த வேலையே அவருடைய கையெழுத்தாயிற்று.

உண்மை கூற அஞ்சலாமா?

இங்கு ஒரு வினா எழுகிறது. மடங்களில் நடந்த குறைகளையும் எழுதத்தான் வேண்டுமா? விசுவாசிகளுக்கு அது இடறலாகாதா?

ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். கன்னியர் மடத்தின் எல்லையை விட்டு வெளியே செல்லக் கூடாது என்று பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் 1298இல் ஆணையிட்டார். லிங்கன் மறைமாவட்ட ஆயர் ஜான் டால்டர்பி 1300இல் மார்க்கியேட் மடத்துக்குச் சென்று அவ்வாணையை விளக்கினார். அவர் புறப்படும்போது கன்னியர் சிலர் வாயில்வரை பின்தொடர்ந்து வந்து, ஆணை எழுதிய ஏட்டை அவர் மேலேயே வீசி எறிந்து, இதற்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று கூறிவிட்டனர். இதை நமக்குச் சொல்வது பகைவர் எவருமல்லர். ஆயரின் பதிவேடே சொல்கிறது.

இதைப் படித்தவுடன் எங்களுக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் வரலாற்றாசிரியர் சிரித்துவிட்டு நின்றுவிடுவதில்லை. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்கிறார். அக்கன்னியரில் பெரும்பாலோர் மடம் புகுந்தபோது அந்த ஆணை பிறக்கவே இல்லை. மடமோ ஏழ்மையானது. நிலத்தை மேற்பார்க்கவும், உதவி கேட்கவும், நோயுற்ற பெற்றோரைக் காணவும் வெளியே சென்று வந்தவர்களிடம் திடீரென்று கதவை மூடச் சொன்னால்? அவர்கள் செய்தது கீழ்ப்படிதல் ஆகாது. ஆனாலும் அவர்கள் நம்மைப் போன்ற மனிதப் பெண்கள் என்பது அப்போதுதான் விளங்குகிறது. குறையே இல்லாத சிலைகளை நாம் வணங்கலாம். அவர்களைப் பின்பற்ற முடியாது. குறையோடு போராடி நிறைவை நாடியவர்களையே பின்பற்ற முடியும்.

பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1881இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை எல்லாச் சமயத்து ஆராய்ச்சியாளர்க்கும் திறந்துவிட்டார். இன்று அங்குள்ள ஆவண அடுக்குகளின் நீளம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். 1883இல் அவர் எழுதிய மடல் ஒன்றில், பொய் கூறத் துணியாமையும் மெய் கூற அஞ்சாமையுமே வரலாற்றின் அடிப்படை விதிகள் என்று வலியுறுத்தினார். ஆகவே உண்மையை ஆராய்வது விசுவாசத்துக்கு எதிரானதன்று என்பது வெள்ளிடை மலை.

சோறு போடுமா?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?' என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கல்லூரியில் வரலாற்றில் இளங்கலை, பிறகு முதுகலை, அதன்பின் ஆராய்ச்சிப் பட்டம் என்று இப்பாதை நீளமானது. இடையில் இலத்தீனும் கற்க வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. ஆனால் இவ்வழியில் பயின்றவர் பேராசிரியர் ஆகலாம். ஆவணக் காப்பகத்திலும் நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் பணியாற்றலாம். பழைய ஏடுகளுக்கு அட்டவணை தொகுக்கலாம். முன்பெல்லாம் ஓர் ஏட்டைக் காணக் கப்பலேற வேண்டியிருந்தது. இன்று வத்திக்கான் நூலகமும், சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகமும் தம் ஏடுகள் பலவற்றைப் படமெடுத்து, கணினி வழியே எவரும் காணும்படி செய்துள்ளன. நம் ஊர் மாணவி ஒருத்தி தன் வீட்டில் அமர்ந்தே ஆயிரம் ஆண்டுப் பழமையான பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அதைப் படிக்கும் அறிவை மட்டும் அவள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அன்புத் தோழியரே! எல்லாரும் வரலாற்றாசிரியர் ஆக வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. வரலாறு என்றால் மதிப்பெண் குறைந்தவர் எடுக்கும் பாடம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுவோம். அது பொறுமையும் கூர்மையும் நேர்மையும் ஒருங்கே வேண்டும் பாடம். பட்டம் மறுக்கப்பட்டும் படிப்பை விடாத எய்லீன் பவரையும், ஆறாண்டுகள் அமர்ந்து ஓர் ஏட்டைக் காத்த ஐபிங்கன் கன்னியரையும், பெயரின்றி நீலம் தீட்டிய டால்ஹைம் மங்கையையும் எண்ணிப் பார்ப்போம். பெற்றோர்களே, உங்கள் மகள் வரலாறு படிக்க விரும்பினால் உடனே மறுத்துவிடாதீர்கள். அவள் சொல்வதைச் சற்றுக் கேளுங்கள். உலகம் மறந்துபோன எத்தனையோ பெண்களின் குரல், கேட்பார் ஒருவர் வருவார் என்று ஏடுகளுக்குள் இன்னும் காத்திருக்கிறது. அக்குரலைக் கேட்கும் செவியும், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கூறும் உள்ளமும் இறைவன் நமக்கு அருள்வாராக!